வாயுவுக்கு இரவல் வாடை

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஃபயர்மன் என்றொரு வேலையாள் இருந்தான். இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் சிவப்பு வண்டியும் மணியோசையும் தண்ணீர்க் குழாயும் நம் மனக்கண் முன் வந்து நிற்கின்றன. அந்நாளைய சுரங்கத்து ஃபயர்மனோ தீயை அணைப்பவன் அல்லன், மூட்டுபவன். மற்றத் தொழிலாளர்கள் இறங்குவதற்கு முன்னால், தண்ணீரில் தோய்த்த சாக்குத் துணியை உடம்பு முழுவதும் போர்த்துக்கொண்டு, நீண்ட கழியொன்றின் நுனியில் எரியும் மெழுகுவத்தியைக் கட்டி முன்னால் நீட்டியபடி, தரையோடு தரையாக மார்பால் ஊர்ந்து சென்று, இரவெல்லாம் கரியின் பிளவுகளிலிருந்து கசிந்து சுரங்கத்தின் கூரையடியில் திரண்டிருக்கும் வாயுவைக் கொளுத்திவிட்டு, அந்தத் தீ தன் முதுகுக்கு மேலே பாய்ந்து அடங்கும் வரையில் முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டு கிடப்பது அவனுக்கு விதிக்கப்பட்ட கடமை. பிரான்ஸ் தேசத்தில் இதே தொழிலைச் செய்தவனுக்குப் 'பிராயச்சித்தம் செய்பவன்' என்று பொருள்படும் பெயர் வழங்கிற்று. முக்காடிட்ட துறவிகளின் அங்கியை அவனுடைய ஈரப் போர்வை நினைவூட்டிற்று என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அவன் எந்தப் பாவமும் செய்தவன் அல்லன். வேறு எவ்வழியிலும் அறிய முடியாத ஒரு பொருளைத் தன் தோலைக்கொண்டு அறிந்து வந்தவன், அவ்வளவே.

அந்த வாயுதான் மீத்தேன். அதற்கு நிறமில்லை, சுவையில்லை, வாடையில்லை. இன்று நகரங்களின் வீதிகளுக்கு அடியிலும் மாடி வீடுகளின் சுவர்களுக்குள்ளும் குழாய் வழியே ஓடி அடுப்பெரிக்கும் இயற்கை எரிவாயுவில் மிகப் பெரும் பங்கு அதுவே. காற்றில் நூற்றுக்கு 5 பங்குக்குக் குறைவாக இருந்தால் அது பற்றாது. 15 பங்குக்கு மேற்பட்டாலும் பற்றாது. இடைப்பட்ட எல்லைக்குள் இருக்கும்போது ஒரு சிறு பொறி போதும். புலனுக்கு எட்டாத இந்தச் சூட்சுமப் பொருள் இங்கே இருக்கிறது, இவ்வளவு இருக்கிறது என்று எப்படி அறிவது என்ற ஒரே கேள்விக்கு மனிதர் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு சாட்சியைத் தேடிப் பிடித்தனர். எரிவாயுக் கசிவென்று அழைப்பு வந்தவுடன் தீயணைப்போர் இன்று கடைப்பிடிக்கும் கிரமம் முழுவதும் அந்தச் சாட்சிகளின் வரலாறே. அதன் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ மாண்டிருக்கிறார்கள்.

முதற்சாட்சி சுடர். 1812ஆம் ஆண்டு மே மாதத்தில் வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கம் வெடித்து 92 பேர், அவர்களுள் பலர் சிறுவர்கள், மடிந்தபின் எழுந்த கூக்குரலின் விளைவாகவே ஹம்ப்ரி டேவி என்ற ரசாயன சாஸ்திரி 1815இல் தமது பாதுகாப்பு விளக்கை வகுத்தார். சுடரைச் சுற்றி நெருங்கிய கம்பி வலையைப் போர்த்திவிட்டால் வெளிவாயு உள்ளே நுழைந்து எரியுமே ஒழிய, உள்ளே எரிந்த தீ வலையைத் தாண்டி வெளியே பரவாது. வலையின் உலோகம் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டுவிடும். ஒளி தருவதற்காகச் செய்யப்பட்ட அந்த விளக்கு, நாளடைவில் வேறொரு வித்தையையும் சுரங்கத்தாருக்குக் கற்பித்தது. திரியைத் தாழ்த்திச் சுடரைச் சிறிதாக்கிக் கவனித்தால், மீத்தேன் உள்ள இடத்தில் அதன் தலைமேல் மங்கிய நீலத் தொப்பி ஒன்று தோன்றும். வாயு மிகுந்தால் தொப்பி உயரும். பிராணவாயு குறைந்தாலோ சுடரே சுருங்கி அணையும். அந்த நீலத்தின் உயரத்தை வைத்து நூற்றுக்கு எத்தனை பங்கு வாயு என்று சொல்லக்கூடிய கண்கள் பயிற்சியால் உண்டாயின. வாயுவை எரித்துப் பார்த்து அறிந்த நிலையிலிருந்து, வெடிக்க விடாமலே பார்த்து அறியும் நிலைக்கு மனிதர் வந்து சேர்ந்தது இவ்விளக்கினால்தான் என்று துணிந்து சொல்லலாம்.

கூண்டில் அடைத்துச் சுரங்கத்துக்குள் கொண்டு செல்லப்பட்ட மஞ்சள் நிறக் கானரிப் பறவையும் இந்த வாயுவைக் கண்டுபிடிக்கவே சென்றது என்று பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் பறவையைப் பயன்படுத்தலாம் என்று யோசனை கூறியது, வெடிப்புக்குப் பின் எஞ்சி நிற்கும் நச்சு வாயுவாகிய கார்பன் மோனாக்சைடை முன்கூட்டி உணர்வதற்காக. மீத்தேனைப் பொறுத்தவரையில் கானரியும் நம்மைப் போல ஏமாந்து போகும்.

இதற்கிடையில் சுரங்கத்துக்கு வெளியே நகரங்களில் வேறொரு வாயு குடிபுகுந்தது. நிலக்கரியைக் காற்றுப் புகாத உலைகளில் காய்ச்சி எடுத்த அந்த வாயுவைக்கொண்டு வீதிகளுக்கு ஒளியூட்டும் உரிமையை லண்டனில் ஒரு கம்பெனி 1812இல் பெற்றது; சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருநகரங்கள் யாவும் அவ்விளக்கொளியில் மூழ்கின. அது கொடிய விஷம். ஆனால் அதனிடம் ஒரு நற்குணம் இருந்தது: அது நாறிற்று. கரியிலிருந்த கந்தகமும் தாரும் முற்றிலும் நீங்காமல் வாயுவோடு கலந்து வந்தபடியால், குழாயில் சிறு வெடிப்பு விழுந்தாலும் வீட்டார் மூக்கைச் சுளித்தனர். மூக்கு அறிந்த கசிவின் இடத்தைக் கண்டுபிடிக்க மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு மூலைமூலையாகத் தேடியவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். அவர்களுடைய முடிவைப் பழைய பத்திரிகைகள் அடிக்கடி எழுதின. எனினும் வாடை என்னும் எச்சரிக்கை, யாரும் கேளாமலே கிடைத்த வரமாக, ஒரு நூற்றாண்டுக் காலம் நகரவாசிகளைக் காத்து வந்தது. அதை வரம் என்று எவரும் உணரவில்லை. வாயுவைச் சுத்திகரிப்பவர்கள் குறையென்றே கருதினர்.

பூமியிலிருந்து நேரே கிடைக்கும் இயற்கை எரிவாயு, கரிவாயுவின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிய காலத்தில் அந்த வரம் பறிபோயிற்று. புதிய வாயு மலிவானது, விஷமற்றது, அதிக வெப்பம் தருவது. பெரும்பாலான ஊற்றுகளிலிருந்து வந்தது வாடை அறவே அற்றது. வாடையற்ற வாயுவுக்குச் செயற்கையாக வாடையூட்டலாம் என்னும் யோசனை ஒன்றும் புதிதன்று; 1880ஆம் ஆண்டுகளிலேயே ஜெர்மனியில் குவாலியோ என்பவர் ஒருவகை எரிவாயுவில் மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளைக் கலந்து, கசிவை மூக்கால் அறியச் செய்திருந்தார். அமெரிக்காவின் சுரங்கத் துறையும் எந்தப் பொருளின் வாடை எத்தனை சிறிய அளவில் மனிதனை எச்சரிக்கும் என்று அளந்து 1930இல் அறிக்கை வெளியிட்டது. சாஸ்திரம் தயாராக இருந்தது. சட்டம் தயாராகவில்லை. அறிந்த விஷயத்தை ஊர்தோறும் நடைமுறைக்குக் கொண்டுவர ஏதோ ஒன்று நேர வேண்டியிருந்தது. அது நேர்ந்த இடம் ஒரு பள்ளிக்கூடம்.

டெக்சஸ் மாநிலத்தின் கிழக்கே, ரஸ்க் என்ற மாவட்டத்தில், 1930ஆம் ஆண்டு அக்டோபரில் எண்ணெய் பீறிட்டது. உலகமே பொருளாதார மந்தத்தில் வாடிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், பருத்தி பயிரிட்டு வறுமையில் உழன்ற அப்பிரதேசம் திடீரென்று செல்வத்தில் திளைத்தது. நியூ லண்டன் என்ற சிற்றூரில் 1932இல் எழுந்த பள்ளி, எஃகும் செங்கல்லும் கொண்டு, எண்ணெயின் வரிப்பணத்தில் கட்டப்பட்டது. நாட்டுப்புறப் பள்ளிகளில் அதைப் போன்ற செல்வமுள்ளது வேறில்லை என்று ஊரார் பெருமைப்பட்டனர். சரிவான நிலத்தில் அமைந்த கட்டடமாதலால் அதன் தளத்துக்கு அடியில், 253 அடி நீளமும் 56 அடி அகலமும் கொண்டதாக, அடைபட்ட வெற்றிடம் ஒன்று நின்றது. கட்டட வரைபடத்தில் கொதிகலனும் நீராவிக் குழாய்களும் கொண்டு வகுப்பறைகளை வெப்பமூட்டுவதாக ஏற்பாடு. பள்ளி நிர்வாகம் அதை மாற்றி, அறைதோறும் எரிவாயுக் கணப்புகளை வைத்தது. அவை மொத்தம் 72.

எண்ணெய்க் கிணறுகளில் எண்ணெயோடு வரும் வாயுவிலிருந்து பெட்ரோலைப் பிரித்தெடுத்தபின் மீந்து போவதை அந்நாளில் கழிவென்றே எண்ணி, வானத்தை நோக்கி எரித்து விடுவது வழக்கம். இரவெல்லாம் எரிந்த அந்தச் சுவாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மக்களில் பலர், எரிந்து பாழாகும் பொருளை நாம் எடுத்துக்கொண்டால் என்ன என்று எண்ணிக் கழிவுக் குழாயில் கிளைக்குழாய் பொருத்தித் தங்கள் வீடுகளுக்குக் கொண்டுபோயினர். எண்ணெய்க் கம்பெனிகளும் கண்டும் காணாதவை போல் இருந்தன. 1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பள்ளி நிர்வாகமும் அதுவரை வாயு வழங்கிவந்த கம்பெனியோடு செய்திருந்த ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டு, இவ்வாறே கழிவுக் குழாயிலிருந்து வாயு எடுக்கலாயிற்று. மாதம் சுமார் 300 டாலர் மிச்சம். அவர்களைக் கஞ்சர்கள் என்று எளிதில் தூற்றிவிடலாம். ஆனால் ஊரே செய்துகொண்டிருந்த காரியத்தை அவர்களும் செய்தனர் என்பதையும், அவர்களிலும் பெற்றோர் இருந்தனர் என்பதையும் எண்ணும்போது தூற்ற மனம் வரவில்லை. அந்த வாயுவுக்கு வாடையில்லை. இணைப்பில் ஏதோ ஓரிடத்தில் அது கசிந்து, தளத்துக்கு அடியிலிருந்த வெற்றிடத்தில் நாள்தோறும் திரண்டது. பிள்ளைகள் சிலர் தலைவலி என்று சொன்னதாகப் பின்னால் பலர் நினைவுகூர்ந்தனர். தலைவலியை யார் பொருட்படுத்துவார்?

மார்ச் 18, வியாழக்கிழமை. மறுநாள் பக்கத்து ஊரில் பள்ளிகளுக்கிடையே போட்டிகள் நடைபெறவிருந்தமையால் விடுமுறை. சிறு வகுப்புக் குழந்தைகள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பப்பட்டு விட்டனர். பெரிய கட்டடத்தில் சுமார் 500 மாணவர்களும் 40 ஆசிரியர்களும் இருந்தனர். தனியே நின்ற உடற்பயிற்சிக் கூடத்தில் பெற்றோர் சங்கத்தின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பிற்பகல் 3 மணியைச் சற்றுக் கடந்த வேளையில், கைத்தொழில் ஆசிரியர் ஒருவர் மரத்தைத் தேய்க்கும் மின்சார இயந்திரத்தை முடுக்கினார். அதன் விசையில் தெறித்த பொறியே வாயுவைப் பற்ற வைத்தது என்பது விசாரணையாளரின் முடிவு. சுவர்கள் வெளிப்புறமாகப் பிதுங்கின. கூரை ஒரு கணம் எழும்பி, எழுந்த வேகத்திலேயே விழுந்தது. இரண்டு டன் எடையுள்ள கான்கிரீட் பாளம் ஒன்று பறந்து சென்று தொலைவில் நின்ற மோட்டார் வண்டியை நசுக்கிற்று. தாய்மார்கள் கூட்டம் நடந்த கூடத்திலிருந்து ஓடி வந்தபோது அவர்கள் கண்ணெதிரில் இருந்தது பள்ளிக்கூடம் அன்று, புழுதி.

சிற்றூராதலால் பேர் சொல்லத்தக்க தீயணைப்புப் படை அங்கே இல்லை. வந்தவர்கள் எண்ணெய் வயலின் கூலித் தொழிலாளர்கள். கிணறு தோண்டும் பாரந்தூக்கிகளையும் இரும்பு வெட்டும் தீக்குழாய்களையும் கொண்டு வந்தவர்கள். அவர்களிற் பலர் தம் பிள்ளைகளையே தேடினர். பீச் பழம் பறிக்கும் கூடைகளில் இடிபாடுகளை வாரிக் கைமாற்றிக் கைமாற்றி, மழையில், விளக்கு வெளிச்சத்தில், இரவு முழுவதும் உழைத்து 17 மணி நேரத்தில் அந்த மலையளவு இடிபாட்டைத் தரைமட்டமாக அகற்றிவிட்டனர். டைலர் நகரில் மறுநாள் திறப்பு விழாக் காணவிருந்த மருத்துவமனை அன்றிரவே கதவைத் திறந்தது. மாண்டவர் ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலோர் பிள்ளைகள், சரியான தொகை இன்று வரை ஒருவராலும் உறுதியாகச் சொல்லப்படவில்லை, ஏனெனில் எண்ணெய் வயலில் வேலை தேடி வந்து தங்கியிருந்த குடும்பங்கள் தம் குழந்தையின் உடலை எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டன. எண்ணெயும் எரிவாயுவும் இப்பிரதேசத்துக்குக் கிடைத்த பெரும்பேறுகள், அவை இல்லையெனில் இந்தப் பள்ளி இல்லை என்ற கருத்தில் எழுதப்பட்ட கரும்பலகை ஒன்று இடிபாட்டினிடையே கிடந்ததாகச் சொல்கிறார்கள். எழுதிய கை ஆசிரியருடையதோ மாணவனுடையதோ, அதில் பொய் ஒன்றுமில்லை.

சில வாரங்களுக்குள் டெக்சஸ் சட்டசபை எரிவாயுவுக்கு வாடையூட்டுவதைச் சட்டமாக்கிற்று. இன்னார்தான் பொறியாளர் என்று பதிவு செய்துகொள்ள வேண்டுமென்ற சட்டமும் அவ்வாண்டே அங்கே பிறந்தது. பிற மாநிலங்களும் பிற நாடுகளும் பின்தொடர்ந்தன. பிற்காலத்தில் அமெரிக்கா முழுவதற்கும் ஏற்பட்ட விதி, வாயு பற்றிக்கொள்ளும் எல்லையின் ஐந்தில் ஒரு பங்கை அடையும்போதே, அதாவது காற்றில் நூற்றுக்கு 1 பங்கு கலந்திருக்கும்போதே, சாதாரண மூக்குடைய ஒருவன் அதை அறிந்துகொள்ளும்படி வாடை இருக்க வேண்டும் என்று வகுத்தது. நம் சமையலறையில் சிலிண்டரின் ரெகுலேட்டரை மாற்றும்போது குப்பென்று எழுந்து, "காஸ் வாடை அடிக்கிறதே, அடுப்பை மூடினாயா?" என்று கூடத்திலிருப்பவரையும் கேட்க வைக்கும் அழுகல் நாற்றம் அந்த வாயுவின் சொந்த நாற்றம் அன்று, எதைல் மெர்காப்டன் என்ற பொருளிடமிருந்து இரவல் பெற்றது. இந்த வாடையை நான் முகர நேரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் நினைவு வருகிறது.

இந்த இரவல் வாடைக்கு எதிர்பாராத ரசிகர்களும் கிடைத்தனர். கலிபோர்னியாவின் எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் ஊழியர்கள், 1930ஆம் ஆண்டுகளில், வனாந்தரத்தினூடே மைல் கணக்கில் செல்லும் குழாயில் கசிவு எங்கே என்று தேடுவதற்கு ஓர் உபாயம் கண்டனர்: வாயுவில் மெர்காப்டனைக் கலந்துவிட்டு வானத்தைப் பார்ப்பது. அழுகும் பிணத்திலிருந்து எழும் வாடையும் இதே இனத்தைச் சேர்ந்ததாதலால், அந்நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள் கசிவுக்கு நேர் மேலே வட்டமிட்டன. கழுகு கண்ணால் இரை தேடுகிறதா மூக்கால் தேடுகிறதா என்று பறவை நூலார் நெடுங்காலம் நடத்திய வாதத்துக்கு, எண்ணெய்க் குழாய்க்காரர்கள் அறியாமலே ஒரு நல்ல சாட்சியத்தைக் கொடுத்தனர்.

ஆனால் மூக்கு முழுமையான சாட்சி அன்று. ஒரே வாடையில் சிறிது நேரம் இருந்தவன் அதை உணராமற் போகிறான். அவன் மனம் வாடை போய்விட்டது என்று ஆறுதலடைகிறது, வாயுவோ போகவில்லை. மண்ணுக்கடியில் வெடித்த குழாயிலிருந்து கிளம்பும் வாயு மண்ணினூடே நெடுந்தூரம் ஊர்ந்து செல்லும்போது, மண் மெர்காப்டனைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு வாயுவை மட்டும் அனுப்பிவிடுவதும் உண்டு. அவ்வாறு வந்து சேரும் வாயு, 1937இல் இருந்தது போல மீண்டும் வாடையற்றதாகி விடுகிறது. அன்றியும் அது வரும் இடம் யாரும் எதிர்பார்க்கும் இடமாயிராது. போர்ட்டோ ரீக்கோவின் சான் ஹுவான் நகரில் 1996ஆம் ஆண்டு நவம்பரில் செருப்புக் கடை இருந்த கட்டடமொன்று வெடித்து 33 பேர் இறந்தனர். அந்தக் கட்டடத்துக்கு எரிவாயு இணைப்பே கிடையாது! வீதிக் குழாயில் கசிந்த புரொப்பேன், காற்றைவிடக் கனமான வாயுவாதலால், மண்ணின் வழியே இறங்கி அதன் நிலவறையில் தேங்கிற்று. ஆகவே வாயு வாடையென்று அழைப்பு வந்த வீட்டை மட்டும் சோதித்துத் திரும்பும் தீயணைப்போன் கடமையை முடித்தவனாகான். அடுத்த வீட்டு நிலவறையையும், எதிர்ச் சாரியின் சாக்கடை மூடியையும், சுவரைத் துளைத்துக் குழாயும் கம்பியும் நுழைகிற ஓட்டைகளையும் அவன் நாடிச் செல்ல வேண்டும்.

மூக்கு பொய் சொல்லக்கூடும் என்பதை அறிந்தவர்கள் கருவியை நாடினர். எண்ணெய்க் கப்பல்களின் தொட்டிகள் வெடிப்பதைத் தடுக்க வழி தேடிய ஆலிவர் ஜான்சன் என்ற கலிபோர்னிய விஞ்ஞானி 1926, 1927ஆம் ஆண்டுகளில் உருவாக்கிய கருவியின் தத்துவமே இன்று தீயணைப்போரின் தோள்பட்டையில் தொங்கும் சிறு பெட்டிகள் பலவற்றுள்ளும் வாழ்கிறது. மின்சாரத்தால் சூடேறிய பிளாட்டினக் கம்பியின் மேல் வாயு கலந்த காற்றைச் செலுத்தினால், வெளியே பற்றாத அளவு நலிந்த வாயுவும் அக்கம்பியின் மேனியில் சத்தமின்றி எரியும். கம்பி மேலும் சூடாகும். சூடானதும் மின்சாரத்தைத் தடுக்கும் அதன் இயல்பு மாறும். அம்மாற்றத்தை முள் காட்டும். பழைய சுரங்கத்து ஃபயர்மன் செய்ததும் இதுவே அல்லவா? வாயுவைக் கொளுத்திப் பார்ப்பதுதான் இன்றும் சோதனை. கொளுத்தும் இடம் மட்டும் ஒரு மலையின் வயிற்றிலிருந்து ஒரு கம்பியின் நுனிக்குச் சுருங்கிவிட்டது.

இந்தக் கருவியைப் படிப்பதிலும் ஒரு கல்வி உண்டு. அதில் 100 என்று காட்டினால் அறை முழுவதும் வாயு என்று பொருளல்ல. பற்றிக்கொள்ளும் கீழெல்லையை, மீத்தேனாயின் நூற்றுக்கு 5 பங்கை, வாயு எட்டிவிட்டது என்று பொருள். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது முள் 10ஐத் தொட்டாலே, பல தீயணைப்புப் படைகளில் கட்டடத்தைக் காலி செய்து வெளியேறுவது விதி. வாயு அளவுக்கு மிஞ்சிப் போய்ப் பிராணவாயு குறைந்த இடத்திலோ கம்பியின் மேல் எரிவதற்குக் காற்றில்லாமையால் முள் விர்ரென்று ஏறி மறுபடியும் சுழியத்துக்கு இறங்கிவிடும். அதைக் கண்டு அபாயம் நீங்கிற்றென்று எண்ணுபவன் மிகப் பெரிய அபாயத்தின் நடுவில் நிற்கிறான். பற்றும் மேலெல்லையைத் தாண்டிய அறையில் கதவையும் சன்னலையும் திறந்து காற்றை விடுவது காப்பாற்றும் காரியந்தான். ஆனால் அந்தக் காற்றே வாயுவை நலியச் செய்து, பற்றாத நிலையிலிருந்து பற்றும் நிலைக்கு இறக்கிக்கொண்டு வரும். எனவே பொறி பிறக்கக்கூடிய எதுவும் அங்கே இல்லையென்று உறுதி செய்துகொள்ளாமல் காற்றோட்டம் செய்யலாகாது.

பொறி என்றதும் தீக்குச்சியைத்தான் நினைக்கிறோம். தீயணைப்போனுக்கு உலகமே பொறிகள் நிறைந்த இடம். அழைப்பு மணியின் பொத்தானை அவன் அழுத்துவதில்லை. கதவைக் கையால் தட்டுகிறான். எரியும் மின்விளக்கை அணைப்பதும் அணைந்த விளக்கை ஏற்றுவதும் அவனுக்கு ஒன்றே, இரண்டும் செய்யான். கைவிளக்கை வாசலுக்கு வெளியிலேயே ஏற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறான். வண்டியைக் காற்று வரும் திசையில், வீட்டுக்கு எட்டவே, பாதாளச் சாக்கடை மூடிக்கு மேலே நில்லாமல் நிறுத்துகிறான். சுத்தமான வெளிக்காற்றில் கருவியின் முள்ளைச் சுழியத்தில் நிறுத்திக்கொண்டு, இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானதாகையால் உத்தரத்தையும் மாடிப்படியின் உச்சியையும், சிலிண்டர் வாயு கனமானதாகையால் தரையோரத்தையும் பள்ளங்களையும் தேடுகிறான். இணைப்பில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் பாட்டன் காலத்து வழியையும் அவன் கைவிடவில்லை. சுரங்கத்தில் விளக்கைத் தாழ்த்தி நீலத் தொப்பியை எண்ணியவர்களின் பொறுமை இந்த மெதுவான நடையில் இருக்கிறது.

தீயணைப்போர் கற்ற பாடங்களில் மிகக் கடினமானது எது என்று என்னைக் கேட்டால், அணைக்காமல் இருப்பது என்பேன். உடைந்த குழாயின் வாயில் வாயு சீறி எரிந்துகொண்டிருக்கும்போது அதன்மேல் தண்ணீரைப் பாய்ச்சித் தீயை அணைத்துவிடுவது இயலாத காரியம் அன்று; அணைத்த மறுகணம் முதல், எரிந்து தீர்ந்துகொண்டிருந்த வாயு எரியாமல் வெளியேறி, வீட்டிலும் வீதியிலும் சாக்கடையிலும் பரவி, எங்கோ ஒரு பொறியைத் தேடத் தொடங்கும். அதனால் வாயுவின் வரவை அடைக்கும் வரையில் அந்தச் சுவாலையை எரிய விட்டுவிட்டு, தண்ணீரைச் சுற்றியுள்ள சுவர்களின் மேலும் கூரைகளின் மேலும் பாய்ச்சி, அவை பற்றாமல் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். தீயை எதிர்க்கவென்று பழகிய கைகளுக்கு அந்தக் காத்திருத்தல் எவ்வளவு வேதனை என்பதை, 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி மாலை கலிபோர்னியாவின் சான் புரூனோ நகரில் நின்றவர்கள் அறிவார்கள். 1956இல் புதைக்கப்பட்ட, 30 அங்குலக் குறுக்களவுள்ள பெருங்குழாய் குடியிருப்பின் நடுவே வெடித்தது. பக்கத்தில் விமான நிலையம் இருந்தமையால் விமானம் விழுந்துவிட்டதென்றே முதலில் பலரும் எண்ணினர். வெடிப்பில் தண்ணீர்க் குழாயும் உடைந்து, வீதி ஓரத்துத் தண்ணீர் முனைகள் வறண்டன. தொலைவிலிருந்து குழாயை இழுத்து வந்தார்கள். வாயுவின் வரவை அடைக்க 95 நிமிஷங்கள் சென்றன, ஏனெனில் ஆட்கள் வண்டியேறிச் சென்று வால்வுகளைக் கையால் திருக வேண்டியிருந்தது. அந்த 95 நிமிஷங்களும் சுவாலை நின்று எரிந்தது. 8 பேர் இறந்தார்கள். 38 வீடுகள் அழிந்தன.

வீதிக்கடியிலுள்ள பெரிய வால்வுகளைத் தீயணைப்போர் தாமே தொடுவதில்லை. எதை அடைத்தால் எத்தனை வீடுகளின் சுடர் அணையும், பிறகு வாயு திரும்பி வரும்போது அணைந்த அடுப்புகளின் வழியே எங்கெங்கே அது கசியும் என்பது குழாய்க்காரருக்குத்தான் தெரியும். வீட்டு மீட்டரின் பக்கத்திலுள்ள சிறிய வால்வு மட்டும் தீயணைப்போனின் கைக்கு உரியது. திருகுச்சாவியால் அதன் தலையைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். குழாயின் திசையிலேயே கிடந்த தலை, குழாய்க்குக் குறுக்காக நிற்கும். வாயு நின்றது என்று பொருள். பிறகு அறைகளில் முள் சுழியத்துக்கு வரும் வரையில் காற்று விட்டு, மறுபடியும் நிலவறையிலிருந்து உத்தரம் வரையில் ஒருமுறை நடந்து, வீட்டாரை உள்ளே அனுப்புகிறான். குளிர்காலமாயிருக்கும், குழந்தைகள் நடுங்குவார்கள், கணப்பை ஏற்ற வேண்டும், வால்வைத் திறந்து விடுங்கள் என்று அவர்கள் கெஞ்சுவார்கள். அவன் திறப்பதில்லை. கசிந்த இணைப்பைச் செப்பனிட்டு, வீட்டிலுள்ள ஒவ்வொரு அடுப்பையும் கணப்பையும் சோதித்துத் தன் கையாலேயே ஏற்றி வைக்கும் குழாய்க்காரர் வரும் வரையில், அது குறுக்காகவே நிற்கும்.